ஒரே பர்ஸ்

என்ர தலையில ஒருத்தரும் கடன் எழுத ஏலாது, பிள்ளை. இந்த பஸ் ரேடியோவில அந்தப் பெடியன் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே? நாட்டுக் கடனைச் சனத்தொகையால பிரிச்சால் தலைக்கு இவ்வளவு லட்சமாம். பிறந்த குழந்தைக்கும் பங்கு உண்டாம். ஆரடா உங்களைப் பிரிக்கச் சொன்னது? வரவு வந்த காலத்தில ஒரு நாளும் பிரிச்சதில்லை. எங்கட பேசாலைக்கு ஒழுங்கா ஒரு ரோட்டுப் போட எத்தினை வருசம் எடுத்தவங்கள், கடனை மட்டும் ஒரே நாளில பிரிச்சு வீட்டு வாசல்ல கொண்டுவந்து வைக்கிறாங்கள்.

சிரிக்காதேங்கோ. நான் கோவத்திலதான் சொல்லுறன்.

முருங்கனிலதானே இறங்கிறீங்கள்? ரீச்சரோ? நல்லது. உந்த டிரைவர் டீசல் எடுக்காமல் வெளிக்கிடான். எங்களுக்கு முன்னால எத்தினை லொறி நிக்குது பாத்தீங்களே. யன்னலைத் திறந்து விடுங்கோ, ஆறுதலாச் சொல்லுறன்.

ஒரு நாடு கடன் கட்ட ஏலாமல் வங்குரோத்தாகிறதை நான் இப்ப ரெண்டாம்தரம் பாக்கிறன். முதல்தரம் பாத்தது கிரீசில. ஏதென்ஸ் பட்டினத்தில. ஓம், உண்மையாத்தான். என்ர பேர் செபஸ்தியம்மா. என்ர மனுசன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. கையில ஒரே ஒரு பொம்பிளைப் பிள்ளை, ஜெனிற்றா. அவளை என்ர தமக்கையோட விட்டிட்டு லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனனான். அங்கயிருந்து ஏதென்சுக்கு. ஒரு வயசு போன மனுசியைப் பாக்கிற வேலை. கலியோப்பி எண்டு பேர். கிரியா கலியோப்பி எண்டு கூப்பிடோணும். கிரியா எண்டால் அவையளின்ர பாஷையில அம்மா, மேடம், அப்பிடி ஒரு மரியாதை.

என்ர பேரைக் கேட்டிட்டு, "செவஸ்தி! இது எங்கட பேரெல்லோ!" எண்டா. அங்க அப்பிடி ஒரு பேர் இருக்குதாம். அண்டையில இருந்து நான் செவஸ்தி. பேர் ஒத்துப் போச்செண்டதுக்காக மனுசி ஒத்துப் போனவ எண்டு நினைக்காதேங்கோ. சரியான வாய். முப்பது வருசம் சிகரெட் ஃபக்டரியில நிண்டு, யூனியனில நிண்டு, ஆரைப் பாத்தாலும் சண்டைக்கு நிப்பா. இடுப்பெலும்பு தேஞ்சு தடியோடதான் நடை. எண்டாலும் பல்கனியில இருந்து கீழ போறவனைப் பேர் சொல்லி ஏசுவா. எனக்கும் ஏச்சுத்தான். சோத்துக்கு ஏச்சு, துடைச்ச நிலத்துக்கு ஏச்சு. எனக்கு அவவில பெரிய பட்சம் ஒண்டும் இருக்கேல்லை, சொல்லிப்போட்டன். சம்பளத்துக்குத்தான் நிண்டனான்.

பேந்து சம்பளமும் இல்லாமல் போச்சு.

எப்பிடியெண்டால், அந்த நாடு கடன்பட்டுப் போச்சு. ஜேர்மனி, பிரான்ஸ், எல்லாருக்கும் ஒரே காசு, யூரோ. கடன் குடுத்தவங்கள் வந்து இருந்துகொண்டு, இதைக் குறை, அதை வெட்டு எண்டு சொல்லச் சொல்ல, கவுண்மெந்து கிழடுகளின்ர பென்ஷனில கை வைச்சுது. ஒருக்கா வெட்டினாங்கள். பேந்தும் வெட்டினாங்கள். கிரியா ஒவ்வொரு வெட்டுக்கும் தடியால நிலத்தில அடிப்பா. அவவின்ர பென்ஷன் குறைய என்ர சம்பளம் குறைஞ்சுது. பேந்து, "செவஸ்தி, இந்த மாசம் பொறு" எண்டா. பொறுத்தன். அடுத்த மாசமும் பொறு எண்டா. அப்பிடியே ஒரு வருசத்துக்குக் கிட்டப் போயிட்டுது.

எங்கட ஃபிளாட் நாலாம் மாடி. கட்டடத்தில உள்ளவை காசு சேக்க ஏலாமல் லிஃப்டை நிப்பாட்டினவை. பேந்து வீட்டைச் சூடாக்கிற எண்ணெயையும் நிப்பாட்டினவை. மாரியில நாங்கள் ரெண்டு பேரும் ஒரு அறைக்குள்ள, உள்ள கோட்டு எல்லாத்தையும் போட்டுக்கொண்டு இருந்தம். நான் பருப்புக் காய்ச்சி மிளகாய்த்தூளும் போடுவன், உடம்பு சூடாகட்டும் எண்டு. "என்னைக் கொல்லப் பாக்கிறாய்" எண்டு கத்திக் கத்தி ரெண்டு கோப்பை குடிப்பா.

ஏன் விட்டிட்டு வரேல்லை எண்டுதானே கேக்கப் போறீங்கள்? சம்பளம் வரோணுமெல்லோ! விட்டிட்டு வந்தால் அந்தக் காசு போன மாதிரி. அதுக்காகத்தான் நிண்டனான். வேற ஒண்டுக்குமில்லை.

அப்ப வந்தது அந்தக் கோடை. ஒரு திங்கட்கிழமை விடிய எழும்பினால் பாங்க் எல்லாம் பூட்டு. மெஷினில காசு எடுக்கிறதெண்டால் நாளைக்கு அறுபது யூரோதான். பிறநாட்டுக்கு ஒரு சதம் அனுப்ப ஏலாது. கிரியாவிட்ட மெஷினில போடுற பாங்க் காட் இல்லை. காட் இல்லாத பென்ஷன்காரருக்கு எண்டு ஒரு சில பாங்கை மட்டும் திறந்தாங்கள். நானும் கிரியாவும் போய் வெயிலுக்க நிண்டம். கியூ எண்டால் எனக்குப் புதுசே? மண்ணெண்ணெய்க்கு நிண்டிருக்கிறன், சீனிக்கு நிண்டிருக்கிறன், செக்பொயின்ற்றில நிண்டிருக்கிறன். ஆனால் அந்தச் சனத்துக்குப் பழக்கமில்லை. சட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து, ஒருத்தரை ஒருத்தர் பாக்க வெக்கப்பட்டுக்கொண்டு நிக்கினம்.

பின்னுக்கு நிண்ட ஒருத்தன் என்னைக் காட்டிச் சத்தம் போட்டான். "உதுகள்தான் எங்கட யூரோவை மூட்டை கட்டித் தங்கட நாட்டுக்கு அனுப்பினதுகள். உதுகளுக்கு என்ன வேலை இந்தக் கியூவில?"

எனக்கு விளங்கிச்சு. விளங்காத மாதிரி நிண்டன். பழக்கம்தானே. ஆனால் கிரியா திரும்பினா. தடியைத் தூக்கினா. நான் இடுப்பில பிடிச்சுக்கொண்டன், விழுந்திடுவா எண்டு.

"ஏய், கேள்! நான் இவளுக்குக் கடன்காரி. ஜேர்மன்காரன் எங்களுக்குக் கடன் குடுத்த மாதிரி இவள் எனக்குக் கடன் குடுத்திருக்கிறாள், தன்ர உழைப்பை. ஆனால் ஒரு நாளும் இவள் என்ர மருந்துக் குளுசையை எண்ணி, ஒண்டைக் குறைச்சுப் போடு எண்டு சொல்லேல்லை. தண்ணி அள்ளி எனக்கு மேலுக்கு வாக்கிறவள் இவள். உனக்கு ஆர் வாக்கினம்?"

கியூ முழுக்கச் சிரிச்சுது. எனக்கு எண்டால் வெக்கக்கேடு. வீட்டு விசயத்தை ரோட்டில கதைக்கிறதே? வீட்டை வந்து நல்லா ஏசினன். அவ சிகரெட்டைப் பத்திக்கொண்டு இருந்தா.

அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு. கடன்காரரின்ர நிபந்தனையை ஏக்கிறியளோ இல்லையோ எண்டு சனத்தையே கேட்டாங்கள். ஓம் எண்டால் 'நே'. இல்லை எண்டால் 'ஓஹி'. ஊர் முழுக்க ஒரு சுவரில ஓஹி, மற்றச் சுவரில நே. கிரியாவின்ர மகன் லெஃப்தேரி, ஜேர்மனியில ஸ்ருட்கார்ட்டில எஞ்சினியர், ஒவ்வொரு நாளும் போன் எடுத்தான். "அம்மா, நே போடுங்கோ. ஓஹி போட்டால் யூரோவில இருந்து கலைச்சிடுவாங்கள். பழைய காசு வரும். உங்கட பென்ஷனுக்குப் பாண் கூட வாங்க ஏலாது."

"இப்ப மட்டும் பாணோட மீனும் வாங்கிறன்" எண்டு போனை வைச்சா.

எனக்கும் பயம்தான். கிரியா கலைபட்டால் நானும் கலைபடுவன். வேலை இல்லாட்டி விசா இல்லை. "கிரியா, மகன் படிச்சவர், சொல்லுறதைக் கேளுங்கோ" எண்டன்.

"நீ உன்ர ஊரில ஆராவது கேட்டு ஓம் எண்டு சொன்னனியோ?" எண்டா.

"எங்களை ஆர் கேட்டது!"

"என்னைக் கேக்கிறாங்கள். கீழ கொண்டுபோ."

லிஃப்ட் இல்லை. நாலு மாடி. என்ர முதுகில ஏத்தித்தான் இறக்கினன், மெய்யாத்தான் சொல்லுறன். அப்ப எனக்கு ஐம்பது வயசு, நல்ல சத்தா இருந்தனான். ஒவ்வொரு மாடியிலயும் சனம் கதவைத் திறந்து பாக்குது. முதலாம் மாடியில ஒரு மனுசன், ஓய்வுபெற்ற கப்பல்காரன், கதிரையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால வந்தான், வாக்குப் போடுற பள்ளிக்கூடம் மட்டும். களைச்ச இடத்தில எல்லாம் கதிரையைப் போட்டு இருத்துவான். வாக்குச்சாவடியில நான் வெளியில நிண்டன். உள்ள போக எனக்கு உரிமையில்லைத்தானே. அவ தனிய, தடியை ஊண்டி ஊண்டிப் போனா. வர நல்ல நேரம் எடுத்துது. நான் செபமாலையே சொல்லத் துவங்கிட்டன். வாக்குக்கு இல்லை, விழாமல் வரோணும் எண்டு.

பொழுதுபட முடிவு வந்துது. ஓஹி வெண்டுது. பெரிய வெற்றி. சனம் எல்லாம் சதுக்கத்துக்கு ஓடுது, கார் ஹோர்ன், பாட்டு, கொடி. கிரியா கீழயே கதிரையில இருந்தவ, எழும்பித் தடியை வீசி எறிஞ்சா. விழப் போறா எண்டு ரெண்டு கையையும் பிடிச்சன். அவ அசைய நானும் அசைஞ்சன். சனம் சுத்தி நிண்டு கை தட்டுது, நாங்கள் ஆடுறமாம். நான் ஆடேல்லை, பிள்ளை. விழாமல் பிடிச்சனான், அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு என்ன நடந்ததெண்டு தெரியுமே? ஒரு கிழமை. அதே கவுண்மெந்து, சனத்திட்ட இல்லை எண்டு சொல்ல வைச்ச அதே கவுண்மெந்து, போய் ஓம் எண்டு கையெழுத்து வைச்சுது. முந்தினதிலும் பாக்கக் கூடின வெட்டுக்கு.

கிரியா கட்டிலை விட்டு எழும்பேல்லை. சாப்பாடு இல்லை, சிகரெட் இல்லை, ஏச்சும் இல்லை. அந்த ஏச்சு இல்லாததுதான் எனக்குப் பயமாப் போச்சு. நானே வேணுமெண்டு பருப்பைத் தீய விட்டன், மணத்துக்காவது ஏசுவா எண்டு. ஒண்டும் இல்லை. பேந்து ஒரு விடியக்காலம் தானே எழும்பி இருந்து, "செவஸ்தி, கோப்பி போடு" எண்டா. போட்டுக் குடுத்தன். ஒரு மிடறு குடிச்சிட்டுச் சொன்னா: "என்னட்டக் கேட்டாங்கள், சொன்னன். கேட்டிட்டுக் கேக்காத மாதிரி நடந்தால் வெக்கம் அவங்களுக்கு. நான் சொன்னது சொன்னதுதான்." பேந்து, "இந்தக் கோப்பி ஊத்தைத் தண்ணி" எண்டா. அப்பதான் எனக்கு உயிர் வந்துது.

ஆவணி மாசம் லெஃப்தேரி வந்தான். நல்ல பெடியன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் எல்லாத்தையும் கணக்காத்தான் பாப்பான். குசினியில என்னை இருத்திக் கதைச்சான். அம்மாவை ஜேர்மனிக்குக் கொண்டுபோகப் போறானாம். வீட்டை விக்கப் போறானாம்.

"உங்களுக்கு அம்மா தர வேண்டியதில பாதி தாறன், செவஸ்தி. மிச்சத்தை மறந்திடுங்கோ. இந்த நிலைமையில கடன் குடுத்த எல்லாரும் கொஞ்சம் நட்டப்படத்தான் வேணும்."

"நான் பாங்க் இல்லை, தம்பி" எண்டன். "முழுக்கத் தாங்கோ."

"இல்லாத இடத்தில எப்பிடி முழுக்க எடுக்கிறது?"

"அது உங்கட பாடு. வேலை செய்தனான். ஒரு சதம் குறைக்க மாட்டன்."

என்ன பிள்ளை, ஒரு மாதிரிப் பாக்கிறீங்கள்? ஜேர்மன்காரன் கேட்டதும் இதுதானே எண்டோ? அது வேற, இது வேற. அவங்கள் காசைக் குடுத்தவங்கள், நான் உடம்பைக் குடுத்தனான். ரெண்டும் ஒண்டே? படிச்ச பிள்ளை நீங்களே இப்பிடிக் கேக்கலாமே?

சரி. நாங்கள் ரெண்டு பேரும் சத்தம் போட, கிரியா தடியோட கதவடியில வந்து நிண்டா. எவ்வளவு நேரம் நிண்டாவோ தெரியாது. வந்து கதிரையில இருந்தா. தன்ர பர்சை எடுத்து மேசையில வைச்சா. மண்ணிறத் தோல், வாய் கிழிஞ்சு நான் நூல் போட்டுத் தைச்சது. எனக்குக் கிட்ட இருந்த என்ர சின்னப் பர்சையும் கேட்டு வாங்கினா. உள்ளுக்கு என்ன இருந்தது, பஸ் காசு. அதைத் தன்ர பர்சுக்குள்ள கொட்டினா.

"லெஃப்தேரி, கேள். எங்களுக்கு ஒரே காசைத் தந்தவங்கள், பர்சை மட்டும் தனித்தனிய வைச்சிருந்தாங்கள். அதுதான் எங்களுக்கு வந்த கேடு. இந்த வீட்டில இனி ஒரே பர்ஸ். என்ர பென்ஷன் வந்தால் பாதி இவளுக்கு. வெட்டினால் ரெண்டு பேருக்கும் வெட்டு. நான் ஸ்ருட்கார்ட்டுக்கு வரேல்லை. உன்ர சுத்தமான ரோட்டில எனக்கு ஏசுறதுக்கு ஒருத்தரும் இல்லை."

"அம்மா, இவ வேலைக்காரி!"

"இப்ப இல்லை" எண்டா.

அவன் அடுத்த நாளே போயிட்டான். எனக்கு நட்டம்தான், பிள்ளை. பாதிப் பென்ஷன் எண்டது பழைய சம்பளத்திலும் பாக்கக் குறைவு. எண்டாலும் அண்டைக்குப் பிறகு அந்த வீட்டில என்னை ஒருத்தரும் 'செய்' எண்டு சொல்லேல்லை. நானே செய்தன். ஆறு வருசம். பேந்தும் பென்ஷனை வெட்டினாங்கள். அவ சிகரெட்டைக் குறைச்சா, நான் ஊருக்குப் போன் எடுக்கிறதைக் குறைச்சன். சண்டைக்கும் குறைவில்லை. "ரெண்டு பெட்டி சிகரெட் ஏன்?" எண்டு நான் கேக்க, "உன்ர மகளோட ஒரு மணித்தியாலம் ஏன்?" எண்டு அவ கேப்பா. ஆனால் பர்ஸ் மேசையில கிடக்கும். ஒருத்தரை ஒருத்தர் கேட்டு எடுத்ததில்லை.

ஜெனிற்றாவுக்குத்தான் விளங்கேல்லை. அவள் கலியாணம் கட்டி, கத்தோலிக்கப் பள்ளிக்குப் பக்கத்தில காணித் துண்டு எடுத்து, நான் முந்தி அனுப்பின காசில சுவர் எழுப்பினவள். கூரை போடேல்லை. "அம்மா, அடுத்த வருசம் அனுப்புவீங்களோ?" எண்டு கேப்பாள். "பொறு" எண்டுவன். சுவருக்கு மேல தென்னோலைக் கிடுகு போட்டுக்கொண்டு இருந்தவை. மாரி வந்தால் ரெண்டு பேரப்பிள்ளையளும் நனையும். பொறு எண்டுதான் சொன்னன். வேற என்ன சொல்லுறது?

போன வருசம் கிரியா போய்ச் சேந்திட்டா. நோய் நொடி பெருசா இல்லை. பல்கனியில இருந்தவ, உள்ள வந்து படுத்தவ, அவ்வளவுதான். நான்தான் மேலுக்கு வாத்து, நல்ல சட்டை போட்டுவிட்டன். நான் அழேல்லை. கண் எரிஞ்சுது, அந்தச் சாம்பிராணிப் புகை.

லெஃப்தேரி வந்தான். தலை நரைச்சுப் போச்சு அவனுக்கும். அடக்கம் முடிஞ்சு, சொந்தக்காரர் எல்லாம் கோப்பி குடிச்சுக்கொண்டு இருக்கேக்க, என்ர முன்னால ஒரு என்வலப்பை வைச்சான்.

"அண்டைக்கு நீங்கள் கேட்டது, செவஸ்தி. அம்மா தர வேண்டினது. முழுக்க இருக்கு. வட்டியும் போட்டிருக்கிறன். என்னை மன்னியுங்கோ."

கனத்த என்வலப். கூரை என்ன, கூரைக்கு மேல மாடியும் கட்டலாம்.

நான் அதைத் திருப்பித் தள்ளினன். "கடன் ஒண்டும் இல்லை, தம்பி. ஒரே பர்சில இருந்த ரெண்டு பேருக்குள்ள ஆர் ஆருக்குக் கடன்?"

"எடுங்கோ, தயவு செய்து" எண்டு கெஞ்சினான்.

"எடுத்தால் நான் இந்த ஆறு வருசமும் வேலைக்காரி எண்டு ஆகும். எடுக்க மாட்டன்."

எத்தினை நாடு கூடிக் கூடிக் கதைச்சும் செய்யாததை, பேசாலை செபஸ்தியம்மா செய்தவள். ஒரு கடனை ரத்துப் பண்ணினவள். முழுக்க. எனக்கு அதில இண்டைக்கும் பெருமைதான், ஆர் என்ன சொன்னாலும்.

ஊருக்கு வந்து சேந்து கொஞ்ச நாளில இங்கயும் துவங்கிட்டுது. மருமகனுக்குக் கடலுக்குப் போக மண்ணெண்ணெய் இல்லை. வள்ளம் கரையில கிடந்து காயுது. பால்மா இல்லை. அந்த நேரம் பாத்து நான் பெருமையா இந்தக் கதையை ஜெனிற்றாவுக்குச் சொன்னன். அவள் பானையைக் கழுவிக்கொண்டு நிண்டவள். கழுவி முடிச்சுக் கவுட்டு வைச்சிட்டுக் கேட்டாள்: "அம்மா, வெள்ளைக்காரியின்ர கடனை மன்னிச்சனீங்கள். எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

அதுக்குப் பிறகு அவள் கொழும்புக்குப் போய், கியூவில கிடந்து பாஸ்போட் எடுத்தாள். இண்டைக்கு விடியக்காலம் சைப்பிரசுக்கு ஏத்திவிட்டிட்டுத்தான் நான் இப்ப வாறன். கட்டுநாயக்கா எயார்போட்டில இருந்து. ஓம், வீட்டு வேலைக்குத்தான். வயசு போன ஆரையோ பாக்கிறதுக்கு.

கண்ணாடிக் கதவடியில வைச்சு என்ர கையைப் பிடிச்சாள். "அந்தக் காசை வாங்கியிருந்தால் நான் போகத் தேவையில்லை, அம்மா" எண்டாள். கோவமாச் சொல்லேல்லை. மெதுவாச் சொன்னாள்.

"வாங்கியிருந்தால் உன்ர அம்மா அம்மாவா இருந்திருக்க மாட்டாள்" எண்டன் நான். விட்டுக் குடுக்கேல்லை. விட்டுக் குடுக்கிற ஆளில்லை நான்.

அவள் போயிட்டாள். திரும்பிப் பாக்கேல்லை. பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு, கழுத்தை நிமித்திக்கொண்டு போனாள். திரும்பிப் பாத்திருந்தால் நான் கதவை உடைச்சுக்கொண்டு உள்ள போய் மறிச்சிருப்பன், அந்தப் பொலிஸ்காரன் சுட்டிருந்தாலும்.

ஆ, வண்டி ஸ்டாட் பண்ணிட்டான். ஒரு மாதிரி டீசல் கிடைச்சிட்டுதாக்கும்.

பிள்ளை, உங்கட முருங்கன் கடையில கூரைத் தகரம் ஒண்டு இப்ப என்ன விலை போகுது? எனக்கு நாலு காணாது, ஒரு அறைக்காவது எட்டு வேணும். என்ர கையில கிடக்கிற இந்தக் காப்புக்கு எத்தினை தருவான்? நானும் உங்களோடயே இறங்கிறன். அவள் அங்க போய் இறங்கிப் போன் எடுக்க முதல் ரெண்டு தகரமாவது மேல ஏறியிருக்கோணும்.